விலை குறைந்த எஞ்சின் ஆயில்: எந்தக் காருக்குப் போதும், எதற்குப் போதாது

டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் கார் என்றால் விலை குறைந்த ஆயிலே தாராளமாகப் போதும். கேனின் பின்பக்கம் போட்டிருக்கும் கிரேடும் தரக்குறியீடும் கார் கையேட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். ஆயில் கோளாறு என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் எஞ்சின்களைத் திறந்து பார்த்தால் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: தவறான கிரேடு, தள்ளிப்போட்ட ஆயில் சேஞ்ச், அளவு குறைந்தது தெரியாமல் ஓட்டியது, டூப்ளிகேட் கேன். மலிவான பிராண்டு என்பதற்காகவே கெட்ட எஞ்சினைப் பார்ப்பது அபூர்வம்.

மலிவு என்று இங்கே சொல்வது பெயர் தெரியாத கேன்களை அல்ல. இந்தியன் ஆயிலின் சர்வோ, ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் எச்பி, பாரத் பெட்ரோலியத்தின் மேக், அப்புறம் கார் கம்பெனிகள் தங்கள் பெயர் போட்டு விற்கும் ஆயில். எதிர்ப்பக்கம் மொபில் 1, ஷெல் ஹெலிக்ஸ் அல்ட்ரா, காஸ்ட்ரால் எட்ஜ் போன்றவை. இரண்டுக்கும் உள்ளே இருக்கும் சரக்கு நாம் நினைக்கும் அளவுக்கு வேறு வேறு அல்ல. உலகம் முழுக்க எஞ்சின் ஆயிலுக்கான சேர்மானத்தில் பெரும்பகுதியைத் தருவது லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், செவ்ரான் ஓரோனைட் என்ற நான்கு நிறுவனங்கள்தான். விலை கூடிய ஃபுல் சிந்தடிக் ஆயில்களிலும் அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் குரூப் 3, அதாவது கச்சா எண்ணெயைத் தீவிரமாகச் சுத்திகரித்து எடுக்கும் வகைதான். மலிவான ஃபுல் சிந்தடிக்கிலும் அதேதான். செமி சிந்தடிக் என்ற பெயரை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை சதவீதம் சிந்தடிக் கலந்தால் அப்படிப் போடலாம் என்று கட்டாயக் கணக்கு எதுவும் கிடையாது.

அதனால் கேனின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது எஸ்ஏஇ கிரேடு, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்றவை (முதல் எண் குளிரில், கடைசி எண் சூட்டில்). இரண்டாவது ஏபிஐ எனும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரம், இரண்டு எழுத்தில் இருக்கும். எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்பி 2020 மே மாதம் வந்தது. பெட்ரோல் ஆயிலில் புதிய தரம் பழையதன் இடத்தில் செல்லும். கையேட்டில் எஸ்என் கேட்டால் எஸ்பி தாராளமாக ஊற்றலாம், எஸ்பி கேட்டால் எஸ்என் கூடாது. ‘எஸ்பி தரத்துக்கு ஏற்றது’ என்று கம்பெனி தானே எழுதிக்கொள்வது ஒன்று. ஏபிஐயின் வட்ட முத்திரை இருப்பது வேறு. முத்திரை இருந்தால் உரிமம் உண்மையா என்று ஏபிஐ இணையப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். ஒரே விலையில் இரண்டு கேன் இருந்தால் முத்திரை உள்ளதை எடுங்கள்.

மலிவு ஆயில் வாங்குபவர்கள் அதிகம் சறுக்குவது கிரேடில்தான். 5டபிள்யூ-30 கேனுக்குப் பக்கத்தில் 20டபிள்யூ-50 இன்னும் குறைந்த விலையில் இருக்கும். ‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் சார் நல்லது’ என்று கடைக்காரரும் சொல்வார். அம்பாசடர் காலத்து எஞ்சினுக்கு அது சரி. இப்போதைய எஞ்சினில் வால்வ் டைமிங்கை மாற்றும் அமைப்பே ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஆயில் செல்லும் வழிகளும் குறுகலானவை. 100 டிகிரி செல்சியஸில் 20 கிரேடு ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. 50 கிரேடு ஆயிலுக்கு அது 16.3-இல்தான் தொடங்குகிறது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேம் ஷாஃப்ட் வரை ஆயில் ஏறத் தாமதம், டைமிங் செயின் சலசலப்பு, மந்தமான பிக்கப், மைலேஜ் குறைவு எல்லாம் இதனால் வரும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 10,000 கிலோமீட்டருக்கு சுமார் 555 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அதில் 2 சதவீதம் கூடினாலே 11 லிட்டர், ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஆயிலில் மிச்சம் பிடித்தது பெட்ரோல் பங்கில் போய்விடும்.

பைக் ஆயிலை காருக்கு ஊற்றுவதும் நடக்கிறது. ஜாசோ எம்ஏ (ஜப்பானிய பைக் ஆயில் தரம்) என்று போட்ட ஆயில், கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் பைக்குகளுக்கானது. கிளட்ச் வழுக்கக் கூடாது என்பதற்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானத்தை அதில் தவிர்த்திருப்பார்கள். காருக்கு அது வேண்டாம்.

சரியான கிரேடு, சரியான தரம் உள்ள மலிவு ஆயிலை வருடக்கணக்கில் ஓட்டினால் என்ன வித்தியாசம் தெரியும்? முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒன்றும் தெரியாது. சத்தமும் பிக்கப்பும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் கடைசிக் கட்டத்தில்தான். மினரல் ஆயிலும் (சிந்தடிக் கலக்காத சாதாரண ஆயில்) தரம் குறைந்த செமி சிந்தடிக்கும் சூட்டில் அதிகம் ஆவியாகும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு இறங்குவது கண்ணுக்குத் தெரியும். பாகுநிலையைப் பிடித்து வைக்கும் பாலிமர் அரைபட்டு, 40 கிரேடு ஆயில் 30 கிரேடு மாதிரி நீர்த்துப்போகும். எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் டப்பெட் சத்தம் மெல்ல எட்டிப் பார்க்கும். ஆயில் சேஞ்சுக்கு நேரம் வந்துவிட்டது என்பதற்கு அதை அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம். கறுத்துப்போன நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. கரியையும் அழுக்கையும் கழுவித் தன்னுள் வைத்துக்கொள்கிற ஆயில் கறுக்கத்தான் செய்யும்.

நிறத்தைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் சூடாக இருக்கும்போது டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை ஃபில்டர் பேப்பரில் விட்டு, ஒரு நாள் அப்படியே படுக்கவைத்து விடுங்கள். கறுப்பு சீராகச் சாம்பல் நிறமாய்ப் பரவினால் ஆயிலுக்கு இன்னும் சக்தி இருக்கிறது. நடுவில் கெட்டியான கரும்புள்ளி, சுற்றிலும் சுத்தமான எண்ணெய் வளையம் என்று தனித்தனியாகப் பிரிந்தால் அழுக்கைச் சுமக்கும் திறன் தீர்ந்துவிட்டது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தும் பாருங்கள். உள்ளே தேன் நிற மெல்லிய பூச்சு இருந்தால் பயமில்லை. விரலால் வழித்தால் தார்போல வருகிறது என்றால், அது தள்ளிப்போட்ட ஆயில் சேஞ்சுகளின் கணக்கு. மூடியின் அடியில் வெண்ணெய்போலப் படிந்திருந்தால், எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்துவிடும் குறும்பயணங்களால் சேர்ந்த ஈரமாக இருக்கலாம். கூலன்ட் அளவும் குறைகிறது என்றால் மட்டும் எஞ்சினின் மேல்பாகத்தை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

இனி கணக்கு. எஞ்சினுக்கு 3.5 லிட்டர், மலிவு ஆயில் லிட்டர் 400 ரூபாய், விலை கூடியது 700, ஃபில்டரும் கூலியும் சேர்த்து 600 என்று வைத்துக்கொள்வோம். விலை கூடியதை 10,000 கிலோமீட்டரில் மாற்றினால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 30 பைசா. மலிவானதை 7,500-இல் மாற்றினால் 27 பைசா. அதையே 5,000-இல் மாற்றினால் 40 பைசா. அதாவது மலிவு ஆயிலைக் கொஞ்சம் முன்கூட்டி மாற்றினாலும் லாபம் நிற்கிறது. பயந்துகொண்டு பாதியிலேயே மாற்றினால் நஷ்டம். எங்கள் பரிந்துரை: மினரல் 5,000, செமி சிந்தடிக் 7,500, எஸ்பி தர ஃபுல் சிந்தடிக் எந்த பிராண்டானாலும் 10,000, எது வாங்கினாலும் அதிகபட்சம் ஒரு வருடம். கையேட்டில் இதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் கையேடுதான் முடிவு.

நகரத்துக்குள்ளேயே ஓடும் காருக்கு இதிலும் கொஞ்சம் குறைக்க வேண்டும். சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் 10,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் 500 மணி நேரம் ஓடியிருக்கும். நெடுஞ்சாலையில் 60-இல் போகிற கார் அதே தூரத்தை 167 மணி நேரத்தில் முடித்துவிடும். ஓடோமீட்டரில் ஒரே எண். ஆயில் பட்ட பாடு மூன்று மடங்கு.

ஆயிலில் மிச்சமான பணத்தில் கொஞ்சத்தை ஃபில்டரில் போடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வ் இருக்கும். எஞ்சின் நின்ற பிறகு ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. போலி ஃபில்டரில் அது கடினமான, வளையாத ரப்பராக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ராத்திரி முழுக்க ஆயில் வடிந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வரும். ஆயில் சரியில்லை என்று பலர் திட்டுவது உண்மையில் இந்த ஃபில்டரைத்தான்.

மாற்றும்போது: எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். சொட்டுச் சொட்டாகும் வரை வடியட்டும், கால் மணி நேரமாவது ஆகும். போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். நசுங்கிய வாஷரோடு இறுக்கினால் கசியும், கசிவை நிறுத்த இன்னும் இறுக்கினால் அலுமினிய சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) மரை போய்விடும். சிறிய கார்களில் பொதுவாக 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் போதும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அது தெரியாமல் புதியதை மாட்டினால் இரட்டை வளையத்தின் வழியாக ஆயில் பீய்ச்சி அடிக்கும். புதிய வளையத்தில் ஆயில் தடவி, அது எஞ்சினில் பட்டு உட்கார்ந்த பிறகு ஃபில்டரைக் கையால் முக்கால் சுற்று இறுக்குங்கள். கையேட்டில் சொன்ன அளவைவிட அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேருங்கள். மேல்கோட்டைத் தாண்டவே கூடாது.

அதன்பின் 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப்ஸ்டிக். பல கார்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவே சுமார் ஒரு லிட்டர். மூன்றரை லிட்டர் எஞ்சினில் ஒரு லிட்டர் குறைந்தால் மீதி ஆயில்தான் அத்தனை சூட்டையும் அழுக்கையும் தாங்க வேண்டும். டாப் அப் செய்ய அதே பிராண்டு கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். அதே கிரேடு, அதே தரம் என்றால் வேறு பிராண்டும் கலக்கும்.

மலிவு ஆயில் போதாத இடங்கள் உண்டு. முதலில் டர்போவும் நேரடி எரிபொருள் பீய்ச்சலும் உள்ள பெட்ரோல் எஞ்சின்கள்: ஸ்கோடா, வோக்ஸ்வேகன் டிஎஸ்ஐ, ஹூண்டாய், கியா டி-ஜிடிஐ, மஹிந்திரா எம்ஸ்டாலியன் டிஜிடிஐ. குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் சிக்கல் இவற்றில் உண்டு. பிஸ்டனே உடையலாம். ஆயிலில் உள்ள கால்சியம் டிடர்ஜென்ட் இதைத் தூண்டுகிறது என்று தெரிந்ததால், எஸ்என் பிளஸ், எஸ்பி தரங்களில் இதற்கென்றே சோதனை வைத்தார்கள். பல தயாரிப்பாளர்கள் கால்சியத்தில் ஒரு பங்கை மெக்னீசியமாக மாற்றினார்கள். மலிவு விலைக்கு வரும் பழைய எஸ்எம், எஸ்என் ஸ்டாக்கை இந்தக் கார்களில் ஊற்றாதீர்கள். ஐரோப்பியக் கார் என்றால் கையேட்டில் உள்ள கம்பெனி அங்கீகார எண்ணும் கேனில் இருக்க வேண்டும். ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1.0 ஈகோபூஸ்ட்டில் டைமிங் பெல்ட்டே ஆயிலில் நனைந்தபடி ஓடுகிறது. ஃபோர்டு சொன்ன 5டபிள்யூ-20 ஆயிலைத் தவிர வேறு எதையும் பரிசோதித்துப் பார்க்க வேண்டாம்.

டீசலில் கோடு இன்னும் தெளிவு. பழைய பொலிரோ, சுமோ வகை எஞ்சினுக்கு அரசு நிறுவனங்களின் 15டபிள்யூ-40 சிஐ-4 பிளஸ் (ஏபிஐயின் டீசல் தரம்) போதும், அதற்குமேல் செலவழிப்பது வீண். ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, புகைக்கரியை வடிகட்டும் டிபிஎஃப் உள்ள டீசல் கார்களில் அதே ஆயில் விஷம். ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் டிபிஎஃப்பில் தங்கும். கரி எரிந்து போகும், சாம்பல் போகாது. ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏவின் சி2, சி3 தர ஆயில்களில் சாம்பல் அதிகபட்சம் 0.8 சதவீதம். லாரிக்கான சிஐ-4 வகையில் ஒரு சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். மலிவு பிராண்டிலேயே சி3 கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். இந்தக் கார்களில் டிப்ஸ்டிக்கில் அளவு ஏறுகிறதா என்றும் பாருங்கள். நகரத்தில் டிபிஎஃப் சுத்தமாகும் வேலை பாதியில் நின்றால், எரியாத டீசல் சம்ப்புக்குள் இறங்கி ஆயிலை நீர்த்துவிடும். மேல்கோட்டைத் தாண்டி, டீசல் வாசனையும் வந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, வாங்கும் இடம். டூப்ளிகேட் செய்பவர்களுக்கு லாபம் விலை கூடிய பிராண்டில்தான் என்பதால், நம்பகமில்லாத கடையில் தள்ளுபடியில் வாங்கும் பெரிய பிராண்டைவிட, அந்தந்த எண்ணெய் நிறுவனத்தின் பெட்ரோல் பங்கில் பில்லோடு வாங்கும் மலிவு ஆயில் பாதுகாப்பு. மூடியின் சீல் வளையம் முழுசாக இருக்கிறதா, கேனிலும் லேபிளிலும் பேட்ச் எண்ணும் தேதியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். க்யூஆர் இருந்தால் கடையில் நிற்கும்போதே ஸ்கேன் செய்யுங்கள். வாரண்டி காலத்தில் வெளியே மாற்றினால், கிரேடும் தரமும் எழுதிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள். காலி கேனைக் கடையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ முழுசாக விட்டு வராதீர்கள், அதில் டூப்ளிகேட் ஆயில் நிரப்பிவிடலாம். அடியில் ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்த பிறகு கொடுங்கள்.