பாகுபாட்டுக்கு ஒரு குறியீடு, உதவிப் பணத்துக்கு ஒரு குறி

ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் கூட்டமைப்பு) இலவசமாகத் தரும் இரண்டு தரவுத் தொகுப்புகளை அருகருகே வைத்துப் படித்தால்தான் அவற்றின் முழுப் பயனும் புலப்படுகிறது. முதலாவது, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை அளக்க 2009இல் தொடங்கப்பட்ட ‘சிகி’ (SIGI) குறியீடு. பெண்களின் கல்வி, வருமானம் போன்ற விளைவுகளைவிட, அவற்றுக்கு வேராக இருக்கும் திருமண வயது, சொத்துரிமை, வன்முறை குறித்த சட்டங்கள், சமூக வழக்கங்கள் ஆகியவற்றை அளப்பதே இதன் சிறப்பு. 2023 பதிப்பு 179 நாடுகளை உள்ளடக்கியது. மதிப்பெண் 0 என்றால் பாகுபாடில்லை, 100 என்றால் முழுப் பாகுபாடு. தேர்வு மதிப்பெண் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தத் தலைகீழ்க் கணக்கு சற்றுத் தடுமாற்றம் தரும்.

இரண்டாவது, உதவித் திட்டங்களுக்கு நன்கொடை நாடுகளே இடும் பாலினக் குறி: பாலினச் சமத்துவம் நோக்கமாக இல்லையென்றால் 0, முக்கியமான துணைநோக்கமென்றால் 1, முதன்மை நோக்கமென்றால் 2. இங்கேதான் கவனம் தேவை. ஒரு சாலைத் திட்டத்தின் முதன்மை நோக்கம் வேறாக இருந்தாலும், பெண்களின் பயண வசதி அதில் முக்கியமான துணைநோக்கமாக இருந்தால், 1 என்ற குறியோடு அதன் மொத்தத் தொகையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. தவிர, இந்தக் குறி திட்ட நோக்கத்தைச் சொல்கிறதே ஒழியப் பலனைச் சொல்வதில்லை. 2020-21இல் இருதரப்பு உதவியில் (ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு நேரடியாகத் தருவது) 44 சதவீதம் பாலினச் சமத்துவ நோக்கம் கொண்டது என்பது பெரிதாகத் தெரியும். அதையே முதன்மை நோக்கமாகக் கொண்டது வெறும் 4 சதவீதம். ஆகவே, ஆய்வாளர்கள் 2 என்ற குறியைத் தனியே பிரித்துப் பார்ப்பது நல்லது.