காந்திபுரத்தில் ஒரு சிசிஎன்ஏ வகுப்பு: 22,000 ரூபாய்க்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கண்காணிப்புக் கேமராவும் நெட்வொர்க் கேபிளும் பொருத்துவது என் தொழில். 11 வருடங்கள் ஆகின்றன. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம் என்று எட்டுக் கம்பிகளின் வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அந்தக் கம்பிக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டால் மட்டும் தலையைச் சொறிவேன். பெரிய கம்பெனிகளில் "கேமராக்காரரைக் கூப்பிடு" என்றுதான் என்னைச் சொல்வார்கள். "நெட்வொர்க் ஆளைக் கூப்பிடு" என்றால் கோவையிலிருந்து யாராவது காரில் வந்து இறங்குவார்கள். அந்தக் கடுப்பில்தான் சிசிஎன்ஏ படிக்கச் சேர்ந்தேன். நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் தேர்வு வைத்துத் தரும் நெட்வொர்க் சான்றிதழ் அது.

பயிற்சி மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இன்னும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கோவை காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. கட்டணம் 22,000 ரூபாய். தேர்வுக் கட்டணம் இதில் அடங்காது. அது 300 டாலர், வரி தனி, ஏறத்தாழ 30,000 ரூபாயைத் தொடுகிறது. 45 நாள் வகுப்பு என்று பலகையில் இருந்தது. சனி, ஞாயிறு மட்டும் வருகிற என்னைப் போன்றவர்களுக்கு அது 16 நாள். கேட்டதற்கு, "மணிக்கணக்கில் பார்த்தால் சரியாக வரும் சார்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். நான் கூட்டிப் பார்த்தேன். வரவில்லை.

முதல் நான்கு வாரங்கள் பாடம் எடுத்தவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. அவரை நான் சார் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். அந்த நான்கு வாரங்களுக்கு 22,000 ரூபாய் தகும் என்று இப்போதும் சொல்வேன். நெட்வொர்க் முகவரிகளைத் துண்டுகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கை, ஒன்றும் பூஜ்யமுமான இருமக் கட்டத்தில் தொடங்காமல் கழித்தலில் தொடங்கினார். துண்டின் அளவைச் சொல்லும் எண் 255.255.255.192 என்றால் 256இல் 192 போக 64. ஆகவே 0, 64, 128, 192 என்று நான்கு துண்டுகள். 192.168.10.77 எந்தத் துண்டில் இருக்கிறது? 64இல் தொடங்கும் துண்டில். அதில் கருவிகளுக்குக் கொடுக்க முடிந்தது 65 முதல் 126 வரை, 127 எல்லோருக்குமான அழைப்பு முகவரி. பனியன் பண்டல் எண்ணுகிற மாதிரி இருந்தது. ஏன் அப்படி என்பதற்கு மறுநாள்தான் ஒன்றும் பூஜ்யமும் எழுதிக் காட்டினார். அதற்குள் பயம் போயிருந்தது.

எதிர்முனைக் கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைக் கொடுத்தால் முதலில் ஒரு புள்ளி, பிறகு நான்கு ஆச்சரியக்குறிகள் வரும். வகுப்பில் பாதிப்பேர் அதைத் தவறு என்று நினைத்து அழித்து அழித்துச் செய்தோம். எதிர்முனையின் மேக் முகவரி, அதாவது கருவியோடு வரும் வன்பொருள் எண், தெரியாததால் ஏஆர்பி என்ற முறையில் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் முதல் பொட்டலம் தொலைந்துபோகிறது, அவ்வளவுதான் என்று விளக்கினார். நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் பேக்கெட் டிரேசரில் சிமுலேஷன் பொத்தானை அழுத்தி, சின்னச் சின்னக் கடித உறைகள் போய்த் திரும்புவதையும் காட்டினார். அந்த மென்பொருள் சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இலவசம். மையத்தில் அதை "எங்கள் லேப்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

ஸ்பானிங் ட்ரீ பாடம் நடந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2019இல் பல்லடம் சாலையில் ஒரு கம்பெனியில் திடீரென்று எல்லாம் நின்றுபோனது. கேமரா, பில் போடும் கணினி, கைரேகைக் கருவி எதுவும் ஓடவில்லை. கேபிள்களை எல்லாம் ஒன்றாக இணைக்கும் பெட்டியான நெட்வொர்க் சுவிட்சின் விளக்குகள் மட்டும் பேய் பிடித்த மாதிரி ஒன்றாக மினுங்கின. இரண்டு மணி நேரம் ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டேன். கடைசியில், கூட்டிப் பெருக்கிய அம்மா தரையில் தொங்கிய கேபிள் முனையை நல்ல எண்ணத்தில் பக்கத்துத் துளையில் செருகியிருந்தது தெரிந்தது. ஒரே கேபிளின் இரு முனைகளும் ஒரே சுவிட்சில். பிடுங்கினேன், சரியாயிற்று, காரணம் புரியவில்லை. அனுப்பிய அழைப்பே வட்டமடித்துப் பெருகிக்கொண்டு போகும், அதைத் தடுக்கத்தான் ஸ்பானிங் ட்ரீ ஒரு துளையை அடைத்துவைக்கிறது, விலை மலிவான சாதா சுவிட்சுகள் பலவற்றில் அது கிடையாது என்று சார் சொன்னபோது எனக்கு அந்தப் பல்லடம் சாலை கண்முன் வந்தது. இன்னொன்றும் சொன்னார். யார் தலைவன் என்று நாம் சொல்லாவிட்டால், எல்லா சுவிட்சுகளுக்கும் முன்னுரிமை எண் ஒரே 32768. அப்போது மேக் முகவரி சிறியதாக உள்ளதே ரூட், அதாவது தலைவன் ஆகும், அநேகமாக அது இருப்பதிலேயே பழைய டப்பாவாக இருக்கும். "நம் ஆபீஸ் மாதிரியே" என்று பின் வரிசையில் ஒரு பையன் சொன்னான்.

ஐந்தாவது வாரம் அவர் பெங்களூருவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்து வந்தவர் திரையில் இருந்ததை வாசித்தார். நெட்வொர்க்குகளை இணைக்கும் ரூட்டர்கள் வழிகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் முறையான ஓஎஸ்பிஎஃப் பாடத்தில், இரண்டு ரூட்டர்களிலும் பிராசஸ் எண் ஒன்றாக இருக்க வேண்டுமா என்று கேட்டேன். ஆம் என்றார். வீட்டில் ஒன்றில் 1, மற்றதில் 20 போட்டுப் பார்த்தேன், அழகாக நட்பாகிவிட்டன. அந்த எண் அந்தந்த ரூட்டருக்கு உள்விவகாரம், பொருந்த வேண்டியவற்றில் ஒன்று, எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்று சொல்லும் ஏரியா எண். ஆட்டோமேஷன் பகுதியை "அதெல்லாம் வராது" என்று தாண்டிவிட்டார். பாடத்திட்டத்தில் அதற்கு 10 சதவீதம் இருக்கிறது. ஐ.பி. இணைப்புக்கு 25, பாதுகாப்புக்கு 15. இந்தப் பட்டியல் சிஸ்கோவின் தளத்திலேயே கிடைக்கும். சேரும் முன் அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எதை யார் நடத்துவார்கள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

"உண்மையான கருவிகளுடன் லேப்" என்பதும் பலகையில் இருந்தது. இரண்டு சுவிட்சும் ஒரு ரூட்டரும் கண்ணாடி அலமாரிக்குள், பூட்டி. எட்டு வாரங்களில் ஒரு முறை திறந்தார்கள், ஒருவர் செய்ய 14 பேர் பார்த்தோம். நான் பழைய பொருள் விற்கும் கடையில் ஒரு 24 துளை சுவிட்சை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டேன். சர்வர் அறைக்கென்று செய்த பெட்டி, விசிறி இரைச்சலில் என் மனைவி அதற்கு மிக்ஸி என்று பெயர் வைத்தாள். முதல் வாரமே மின்தடையில் ஒன்றரை மணி நேர வேலை அழிந்தது. அப்போது ஓடும் அமைப்பான ரன்னிங் கான்ஃபிகை, மறுபடி இயக்கும்போது எடுத்துக்கொள்ளும் ஸ்டார்ட்அப்பில் சேமிக்கவில்லை. வகுப்பில் மூன்று முறை சொன்னதுதான். கரண்டு போனபோதுதான் மண்டையில் ஏறியது.

கடைசி வாரம் அலுவலக உதவியாளர் ஒருவர் தனியாக அழைத்து, தேர்வில் வரும் கேள்விகளே கொண்ட கோப்பு 1,500 ரூபாய் என்றார். வேண்டாம் என்றேன். அதைப் பயன்படுத்துவது தேர்வு ஒப்பந்தத்துக்கே எதிரானது, சான்றிதழையே பறித்துவிடலாம். அதோடு, பல்லடம் சாலையில் விளக்குகள் மினுங்கும்போது அந்தக் கோப்பு என்ன செய்யும்?

வகுப்பு முடிந்து ஐந்து மாதம் நானே படித்துத் தேர்வு எழுதினேன். 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்ப வர முடியாது. நம் பள்ளிப் பழக்கத்தில் தெரியாததைக் கடைசிக்கு ஒதுக்குபவர்கள் இதற்குப் பழகிக்கொண்டு போக வேண்டும். பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் அப்பா பெயராக விரிந்து பின்னால் என்று திரிகிற நம்மவர்கள் முன்கூட்டியே சரிசெய்துவிடுவது நல்லது. தேர்ச்சி பெற்றேன். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும்.

"100% வேலைவாய்ப்பு" பற்றிக் கேட்பீர்கள். எனக்கு வந்தது சென்னையில் வாடிக்கையாளர் அழைப்பு எடுக்கும் வேலைக்கு ஒரு நேர்காணல். போகவில்லை. கூடப் படித்த 14 பேரில் எனக்குத் தெரிந்து இருவர் நெட்வொர்க் வேலையில் இருக்கிறார்கள், இருவரும் சொந்த முயற்சியில் தேடிக்கொண்டது.

ஐந்துக்கு இரண்டரை தருவேன். அந்த இரண்டரையும் பெங்களூரு போனவருக்கு. கணினியில் கை பழகிய, ஆங்கிலத்தில் வாசிக்கத் தயங்காத ஒருவர் பேக்கெட் டிரேசரும் ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே படிக்கலாம். என்னைப் போலப் பள்ளியை விட்டு நாளானவர்கள், யார் நடத்துகிறார், கடைசி வரை இருப்பாரா என்று விசாரித்து, ஒரு வகுப்பு இலவசமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். போன மாதம் வருகைச் சான்றிதழ் வாங்கப் போனேன். அலமாரி பூட்டியே இருந்தது, சாவி யாரிடம் என்று வரவேற்பில் இருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை.