டிரேடிங்கை மட்டும் நம்பி வீடு நடத்தலாமா? இன்ட்ராடே, ஆப்ஷன், ஸ்விங்: ஓர் ஒப்பீடு

பங்குச் சந்தையில் எந்த முறையில் லாபம் அதிகம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். மாதம் பிறந்தால் வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை, அப்பா அம்மாவின் மருந்து எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் எடுத்தாக வேண்டும், அதை எந்த முறை தாங்கும் என்று கேட்டால் பதில் வேறு. இந்த அலசல் அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான். வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருப்பதால் டிரேடிங் செய்பவர்களின் வருடாந்திர லாப நட்டக் கணக்கு என் மேஜைக்கு வருகிறது. மொபைல் திரையில் பச்சையாகத் தெரியும் எண்ணுக்கும் கடைசியில் கைக்கு வரும் தொகைக்கும் எவ்வளவு தூரம் என்பது அந்தக் காகிதத்தில்தான் தெரியும்.

ஒப்பிடப் போகும் வழிகள் நான்கு: பங்கை வாங்கிய அன்றே விற்றுவிடும் இன்ட்ராடே, ஆப்ஷன் (ஒரு பங்கையோ குறியீட்டையோ குறித்த நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) வாங்குவது, அதே ஆப்ஷனை விற்பது, பங்கை டெலிவரி எடுத்து, அதாவது நம் கணக்கிலேயே சேர்த்து, சில நாளோ சில வாரமோ வைத்திருந்து விற்கும் ஸ்விங்.

இன்ட்ராடே: சிறிய முதல், பெரிய செலவு

புதிதாக வருகிறவர்கள் முதலில் இங்கேதான் வருகிறார்கள், அதற்கு நியாயமான காரணமும் உண்டு. கையில் 40,000 ரூபாய் இருந்தால் ஐந்து மடங்கு, அதாவது 2 லட்சத்துக்குப் பங்கு வாங்கலாம். (2021 செப்டம்பருக்கு முன்பு புரோக்கர்கள் இதைவிடப் பல மடங்கு கொடுத்தார்கள். சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியின் மார்ஜின் விதி (மார்ஜின் என்பது டிரேடுக்கு ஈடாக நாம் வைக்க வேண்டிய பணம்) முழுமையாக அமலானபின் ஐந்து மடங்கோடு நின்றுவிட்டது.) மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் ராத்திரி அமெரிக்கச் சந்தை விழுந்தாலும் நம் தூக்கம் கெடாது. இன்ட்ராடேயின் உண்மையான பலம் இதுதான்.

ஆனால் ஒரே ஒரு டிரேடுக்குப் புரோக்கர் அனுப்பும் கணக்குச் சீட்டை, அதாவது காண்ட்ராக்ட் நோட்டை எடுத்து வரி வரியாகப் படித்துப் பாருங்கள். 2 லட்சத்துக்கு வாங்கி, அதே விலையை ஒட்டி விற்கிறீர்கள் என்று வைப்போம். தள்ளுபடி புரோக்கர் என்றாலும் வாங்க 20, விற்க 20, ஆக 40 ரூபாய். விற்கும் பக்கம் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 0.025 சதவீதம், அது 50 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் ஏறக்குறைய 12 ரூபாய், முத்திரைத் தீர்வை 6 ரூபாய், புரோக்கரேஜ் மீதும் எக்ஸ்சேஞ்ச் கட்டணம் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி 9 ரூபாய்க்கு மேல். மொத்தம் 118 ரூபாய் போகிறது. லாபமா நட்டமா என்று யாரும் கேட்பதில்லை, இரண்டிலும் இந்தப் பணம் போகும்.

தினம் ஐந்து டிரேடு, மாதம் இருபது நாள் என்றால் செலவு மட்டும் 11,800 ரூபாய். வீட்டுக்கு 40,000 வேண்டுமென்றால் மாதம் 51,800 ரூபாய் சம்பாதிக்க வேண்டும். போட்ட முதலோ 40,000 தான். மாதா மாதம் முதலைவிட அதிகமாக லாபம் எடுப்பவரை நான் கணக்கில் பார்த்ததில்லை. சரி, முதலைப் பத்து மடங்காக்கி 4 லட்சம் போட்டு, டிரேடு அளவைக் கூட்டாமல் விட்டாலும் மாதம் 13 சதவீதம் வேண்டும். அதுவும் நடக்கிற காரியமில்லை.

செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு இதைப் பெரிய அளவில் உறுதிசெய்தது. 2022-23 நிதியாண்டில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு நட்டம். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் 76 சதவீதம் பேர். வருடத்துக்கு 500 டிரேடுக்கு மேல் செய்தவர்களில் 80 சதவீதம் பேர். நம் உதாரணத்தில் இருப்பவர் வருடத்துக்கு 1,200 டிரேடு செய்கிறார், அவர் எந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். நிறையச் செய்தால் கை பழகும் என்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்குக் கொடுக்கும் கட்டணம்தான் பலரை வெளியே தள்ளுகிறது.

வரியிலும் இது நெருக்கடியானது. இன்ட்ராடே வருமானம் ஊக வணிக வருமானமாகக் கணக்கிடப்படும். இதில் வரும் நட்டத்தை வேறு ஊக வணிக லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும், அதுவும் நான்கு வருடத்துக்குள்.

ஆப்ஷன் வாங்குவது

இதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை. சில ஆயிரம் ரூபாயில் நுழையலாம், அதிகபட்ச நட்டம் ஆப்ஷனுக்கு விலையாகக் கட்டிய பிரீமியம் மட்டும், சந்தை ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தால் பணம் பல மடங்கு. சொல்வதெல்லாம் சரி. ஆனால் சந்தை பாயாமல் நிற்கும் நாட்களே அதிகம், நிற்கும் ஒவ்வொரு நாளும் பிரீமியம் கரையும். திசையைச் சரியாகக் கணித்தும் நேரத்தைத் தவறாகக் கணித்தால் நட்டம்தான்.

2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருடத்தில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தங்கள்) செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். சராசரியாக ஆளுக்கு 2 லட்சம் ரூபாய், எல்லாரும் சேர்ந்து 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம். நாம் பேசும் குடும்பத்துக்கு ஒரு லட்சம் என்பது இரண்டரை மாதச் செலவு. நூறில் ஒருவருக்குக் கிடைத்ததே அவ்வளவு என்றால், இதை நம்பி ராஜினாமாக் கடிதம் கொடுக்கக் கூடாது. என் கருத்து இதில் உறுதியானது.

ஆப்ஷன் விற்பது: மாதச் சம்பளம் போலத் தோன்றுவது

நான்கில் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியது இதுதான், ஏனென்றால் நடத்திக் காட்டுபவர்கள் சிலர் உண்மையிலேயே இருக்கிறார்கள். 50 பெரிய பங்குகளின் குறியீடான நிஃப்டியில், இப்போதைய விலைக்குத் தொலைவில் உள்ள புட்டையோ (விற்கும் உரிமை) காலையோ (கால், வாங்கும் உரிமை) விற்று, பிரீமியம் கரையும்வரை காத்திருப்பது வேலை. பெரும்பாலான வாரங்களில் பணம் வரும். ஒரு லாட் (ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவு) விற்கவே 2 லட்சம் அளவில் மார்ஜின் வேண்டும் என்பதால் சின்ன முதலோடு வருகிறவர்கள் இங்கே நுழைய முடிவதில்லை, ஒருவகையில் அது நல்லதுதான். இன்னொரு வசதி, வைத்திருக்கும் பங்கையோ லிக்விட் ஃபண்டையோ அடகு வைத்து மார்ஜின் வாங்கலாம். அந்த முதலீட்டின் வளர்ச்சி ஒரு பக்கம், பிரீமியம் ஒரு பக்கம். மறுநாளுக்கு எடுத்துச் செல்லும் பொசிஷன் என்றால் மார்ஜினில் பாதி ரொக்கமாகவோ அதற்குச் சமமாகவோ இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இதன் ஆபத்துக்கு 2024 ஜூன் 4-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் கருத்துக்கணிப்பை நம்பி நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263-ல் முடிந்தது. கால் விற்றவர்கள் அன்றே அடிபட்டார்கள். தேர்தல் முடிவு வந்த அன்று ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்து 21,884-ல் முடிந்தது. 23,000 புட்டை ஹெட்ஜ் (நட்டத்துக்குப் பாதுகாப்பு) இல்லாமல் விற்றிருந்தவர் சந்தை முடியும்போது 1,100 புள்ளிக்கு மேல் மாட்டியிருப்பார். பல மாதம் சேர்த்த பிரீமியம் ஒரே நாளில் போவது இப்படித்தான். தொலைவில் இன்னொரு ஆப்ஷனை வாங்கி ஹெட்ஜ் செய்தால் நட்டத்துக்கு எல்லை வரும், மார்ஜினும் பாதிக்குக் கீழே குறையும். ஆனால் வருமானமும் குறையும். ஹெட்ஜ் செய்துவிட்டு மாதம் 2 சதவீதம் என்று ஒருவர் கணக்குப் போட்டால், அதைக்கூட நல்ல வருடத்துக்கான எண்ணாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

வெளியில் அதிகம் பேசப்படாத இன்னோர் ஆபத்து விதி மாற்றம். வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியில் வாராந்திர எக்ஸ்பைரியை (வாரா வாரம் ஆப்ஷன் ஒப்பந்தம் முடிவதை) மட்டுமே நம்பி முறை வகுத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். 2024 நவம்பரில் ஓர் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு இண்டெக்ஸில் மட்டுமே வாராந்திர எக்ஸ்பைரி என்று செபி விதி கொண்டுவந்ததும் அது நின்றுபோனது. அதே சமயம் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சமானது, நிஃப்டி லாட் 25-லிருந்து 75-க்குப் போனது. அதற்கு முந்தைய மாதமே ஆப்ஷன் விற்பனை மீதான எஸ்டிடி 0.0625-லிருந்து 0.1 சதவீதமாகியிருந்தது. பக்கவருமானமாகச் செய்பவர் சில மாதம் ஒதுங்கி நின்று புதிய முறையைச் சோதித்துப் பார்க்கலாம். இதையே சம்பளமாக வைத்திருப்பவருக்கு அந்தச் சில மாதம் எங்கிருந்து கிடைக்கும்?

வரி விஷயத்தில் எஃப் அண்ட் ஓ கொஞ்சம் மேல். சாதாரண வணிக வருமானமாகக் கணக்கு, இணையக் கட்டணம், கணினித் தேய்மானம் எல்லாவற்றையும் செலவாகக் காட்டலாம், நட்டத்தை எட்டு வருடம் கொண்டுபோகலாம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை உள்ள வருமானத்துக்கான தள்ளுபடியும் இதற்குப் பொருந்தும். சம்பளத்தோடு மட்டும் இந்த நட்டத்தைக் கழிக்க முடியாது.

ஸ்விங்: நிதானமானது, ஆனால் முதல் வேண்டும்

இதில் செலவு ஒரு பிரச்சினையே இல்லை. டெலிவரிக்கு வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்டிடி உண்டு என்றாலும், ஒரு லட்சம் ரூபாய் டிரேடுக்கு எல்லாம் சேர்த்து 250 ரூபாய் அளவில் முடிந்துவிடும். மாதத்துக்கு ஏழெட்டு டிரேடுதான் என்பதால் அது தெரியவும் தெரியாது. காலை 9.15 முதல் 3.30 வரை திரை முன்னால் கட்டிப்போட்ட மாதிரி உட்கார வேண்டியதில்லை. மாலையில் சார்ட் பார்த்து மறுநாளுக்கு ஆர்டர் போட்டுவிடலாம். கெட்ட செய்தி வந்தால் கேப் டவுனில், அதாவது முந்தைய நாள் விலைக்கு வெகு கீழே, நட்டத்தை நிறுத்த நாம் வைத்த ஸ்டாப் லாஸையும் தாண்டி விலை திறக்கும், அந்த ஆபத்து உண்டு.

வருடத்துக்கு 4.8 லட்சம் வேண்டும் என்றால், 20 லட்சம் முதலுக்கு 24 சதவீதம். நல்ல சந்தையில் கிடைக்கும், எல்லா வருடமும் கிடைக்காது. 2024 அக்டோபர் முதல் 2025 பிப்ரவரி வரை நிஃப்டி தொடர்ந்து ஐந்து மாதம் விழுந்தது. சிறிய நிறுவனப் பங்குகளில் அடி இன்னும் பலம். அந்த ஐந்து மாதத்தில் நம் ஸ்விங் டிரேடருக்கு 15 சதவீதம் போயிருந்தால் முதல் 17 லட்சமாகியிருக்கும். பழைய நிலைக்கு வர 17.6 சதவீத லாபம் போதும், வந்துவிடலாம். ஆனால் வீட்டுக்கு மாதம் 40,000 வீதம் அதே கணக்கிலிருந்து 2 லட்சம் எடுத்திருந்தால் மிச்சம் 15 லட்சம்தான். இப்போது 33 சதவீதம் வேண்டும்.

சந்தை எடுத்தது 3 லட்சம், சமையலறை எடுத்தது 2 லட்சம். விதைநெல்லை எடுத்துப் பொங்கித் தின்பது இதுதான். நான்கு முறைக்கும் பொதுவான கண்ணி என்றாலும் ஸ்விங்கில் அது மெதுவாக நடப்பதால் ஆளுக்குத் தெரிவதில்லை. அப்புறம் அவசரத்தில் எம்டிஎஃப் கடன் (பங்கு வாங்கப் புரோக்கர் தரும் கடன்) வாங்கிப் பொசிஷனைப் பெரிதாக்குவார், வட்டியும் சேரும்.

வரியில் குறுகிய கால மூலதன ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதம். வேறு வருமானம் இல்லாதவருக்குப் புதிய முறையில் 4 லட்சம் அடிப்படை விலக்கு இதற்கும் உதவும், 12 லட்சம் தள்ளுபடி உதவாது. வருடம் 4.8 லட்சம் எடுப்பவருக்கு இது பெரிய சுமையில்லை.

என் தேர்வு

வேலையோடு சேர்த்துச் செய்யும் ஸ்விங். சம்பளம் வீட்டைப் பார்த்துக்கொள்ளும்போது 17 லட்சம் 17 லட்சமாகவே நிற்கும், மீண்டு வர நேரம் கிடைக்கும். மூன்று வருடம் இப்படிச் செய்து, அதில் குறைந்தது ஒன்றாவது மோசமான வருடமாக இருந்து, வரிக் கணக்கில் மொத்தம் லாபம் நின்றால், பிறகு முழுநேரம் பற்றிப் பேசலாம். அப்போதும் 20 லட்சம் போதாது. 35, 40 லட்சம் முதல் வேண்டும், அதில் தொடாமல் ஒன்றரை வருட வீட்டுச் செலவு தனியாக வங்கியில் இருக்க வேண்டும். ஹெட்ஜ் செய்த ஆப்ஷன் விற்பனையை அந்தக் கட்டத்தில் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம், முதுகெலும்பாக வைக்க வேண்டாம். முழுநேர இன்ட்ராடேயை என் சொந்தத் தம்பிக்குச் சொல்ல மாட்டேன்.

வேலையை விடுவதாகவே முடிவு என்றால், கடைசி மாதச் சம்பளம் வாங்கும் முன் சில வேலைகள் உண்டு. அலுவலகத்தின் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும், குடும்பத்துக்குத் தனிப் பாலிசியை முன்பே எடுத்தால்தான் காத்திருப்புக் காலம் சீக்கிரம் கழியும். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அதன்பின் வங்கி கேட்பது இரண்டு மூன்று வருட வரிக் கணக்கை, ஒரு வருடம் நட்டம் காட்டியிருந்தாலும் விண்ணப்பம் இழுபடும். பிஎஃப் பணத்தை எடுத்து டிரேடிங் கணக்கில் போடும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.