வாரம் ஒரு சொல், ஒரே ஒரு 50 எம்எம்: இரண்டு வருட அனுபவம்

போன வாரம் என் 50 எம்எம் லென்ஸ் சர்வீஸிலிருந்து திரும்பி வந்தது. ஃபோகஸ் வளையம் பாதியில் சிக்கிக்கொண்டு, மோட்டார் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. வண்டியில் போகும்போது கேமராப் பையில் அழுத்தம் பட்டதுதான் காரணம், தவறு என்னுடையது. 1,800 ரூபாய் செலவு. அதே நாள் அலுவலகத்துத் தம்பி ஒருவர், "அண்ணே, நானும் உங்கள மாதிரி 50 வாங்கலாம்னு இருக்கேன், வாங்கலாமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1.8 அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துவாரம், எண் குறைந்தால் துவாரம் பெரிது), எடை குறைவு, விலை குறைவு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. ஜூம் கிடையாது, நாம்தான் முன்னும் பின்னும் நகர வேண்டும். என் கேமரா கிராப் சென்சார், அதாவது ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய சென்சார் உள்ளது. லென்ஸைப் பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான் பயன்படுத்தினேன். கல்லூரி நண்பர்கள் ஏழு பேர் வாரம் ஒரு தலைப்பில் படம் எடுக்கிறோம். சனிக்கிழமை இரவு, முறை வைத்து ஒருவர் ஒரு சொல் கொடுப்பார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் படம் வந்துவிட வேண்டும். அந்த வாரத்தில் எடுத்ததாகவும் இருக்க வேண்டும். இதற்கு மேல் எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன்: இந்த ஒரு லென்ஸ் மட்டும்தான்.

ஒரு வாரம் 'மணம்' என்று தலைப்பு வந்தது. மதுரையில் இருந்துகொண்டு மணம் என்றால் மல்லிகைதானே, விடிகாலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனேன். குவியல் குவியலாக மொட்டு, மூட்டை தூக்கும் ஆட்கள், குழல்விளக்கு வெளிச்சம். நாற்பது படம் எடுத்தேன். ஒன்றிலும் மணம் இல்லை, பூ மட்டும்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில், அம்மா எழுந்துபோன தலையணையில் முந்தின நாள் வைத்த சரம் வாடிப் பழுப்பேறிக் கிடந்தது. ஜன்னலில் அப்போதுதான் வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. கேமராவோடு வந்த 18-55 ஜூமை, அதாவது கிட் லென்ஸை, 55-க்கு இழுத்தால் அப்பர்ச்சர் 5.6-இல் நின்றுவிடும். இந்த 50-ஐ 1.8-க்குத் திறந்தால் அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் ஒளி உள்ளே வரும். விளக்கைப் போடாமலே எடுத்தேன். இந்த இரண்டு வருடத்தில் நான் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

இந்த லென்ஸ் தரும் மகிழ்ச்சி இதுதான். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க வைக்கிறது. 'தூண்' என்ற வாரம் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனேன். அங்கே ஒரு தூண்கூட முழுதாகச் சட்டத்துக்குள் வரவில்லை. எரிச்சலோடு நின்றுகொண்டிருந்தபோது ஒரு சின்னப் பெண் தூணின் அடியில் உள்ளங்கையை வைத்து அளந்து பார்த்தாள். அதை எடுத்தேன். 'கூட்டம்' வந்தது சித்திரைத் திருவிழா சமயத்தில். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பின்னால் நகர ஓரடி இடம் கிடையாது. எனக்குக் கிடைத்தது, ஒரு அப்பா தன் மகனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்த கை. நண்பர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

தலைப்பு பொதுவாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 'காத்திருப்பு' என்ற சொல்லுக்கு நான் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சை எடுத்திருந்தேன். தோஹாவில் இருக்கும் நண்பன், கட்டிலுக்கு அடியில் பாதி நிரம்பிய பெட்டியை எடுத்து அனுப்பியிருந்தான். அவன் ஊருக்கு வர அப்போது இன்னும் நாலு மாதம் இருந்தது. அந்தப் படத்துக்குப் பிறகு என் பெஞ்சை என்னால் பார்க்கவே முடியவில்லை. தனியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லுக்குள் அப்படியொரு பெட்டி இருப்பது எனக்குத் தெரியவே வந்திருக்காது.

சரி, இனி கோபத்துக்கு வருகிறேன்.

50 வாங்கச் சொல்கிறவர்கள் எல்லோரும் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரஸ்ஸோன் பெயரைச் சொல்வார்கள், அவர் பெரும்பாலும் 50-இல்தான் எடுத்தார் என்று. உண்மைதான். ஆனால் அவர் கையில் இருந்தது லைகா ஃபிலிம் கேமரா. அதில் ஓடியது 36-க்கு 24 மில்லிமீட்டர் ஃபிலிம். நம் கிராப் சென்சாரின் அகலம் 24 மில்லிமீட்டர்கூட வராது. அதே 50 இங்கே 75 எம்எம் போல, இன்னும் குறுகலாகப் பார்க்கும். ஐந்தடி உயர ஆள் ஒருவர் நிற்பதை, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும், முழுதாக எடுக்க 11 அடி தள்ளி நிற்க வேண்டும். எங்கள் ஹால் 10-க்கு 12. கட்டிலும் பீரோவும் போக மிச்சம் 8 அடி. 'வீடு' என்று தலைப்பு வந்த வாரம் நான் வாசலுக்கு வெளியே, தெருவில் நின்றுகொண்டு என் வீட்டுக்குள் கேமராவை நீட்டினேன்.

இதை ஒரு சின்ன அசௌகரியமாகத்தான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன மார்கழியில் அப்பத்தா இறந்துபோனார். காரியத்துக்குச் சட்டம் போட ஒரு படம் வேண்டும் என்று அப்பா கேட்டார். வீட்டில் கேமரா வைத்திருப்பவன் நான்தானே. உட்கார்ந்து தேடினேன். அப்பத்தா இருக்கும் படங்கள் 19 இருந்தன. 'உலோகம்' வாரத்துக்கு எடுத்த தண்டட்டி, காதோடு. 'தாளம்' வாரத்துக்கு வெற்றிலை இடிக்கும் கை. 'கோடு' வாரத்துக்கு நெற்றிச் சுருக்கம். 1.8-இல் ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால் மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும். அதனால் ஒரு படத்தில் கண் இருக்கிறது, காது கரைந்துவிட்டது. அவர் எப்போதும் உட்காரும் திண்ணையில் அவர் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில், சித்தப்பா மகள் கல்யாணத்தில் யாரோ செல்போனில் எடுத்ததைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள்.

நியாயமாகச் சொன்னால் லென்ஸ் மேல் குற்றம் இல்லை. கிட் லென்ஸ் பீரோவில்தான் இருந்தது. 18-க்கு வைத்து, அகலமாக ஒரு தடவை எடுத்திருக்கலாம். ஒரே லென்ஸ் என்ற விதியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. தலைப்புக்காகப் பார்க்கும்போது அப்பத்தா எனக்கு உலோகமாகவும் தாளமாகவும் தெரிந்தார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. ஆனாலும் அந்த 19 படங்களையும் அன்றைக்குத் திரையில் பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு முறை வ்யூஃபைண்டருக்குள் ஒரு தலையோ தோளோ வெட்டுப்படும்போதும் அதே ஞாபகம் வருகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மங்கலான வெளிச்சத்தில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடும், பொறுமை வேண்டும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்ததால் பூஞ்சை வரவில்லை. 2.8-இல் இருந்து கூர்மை மிக நன்றாக இருக்கிறது.

தம்பிக்கு என் பதில்: வாங்க வேண்டாம். உங்கள் வீடும் எங்கள் வீட்டு அளவுதான். கிராப் கேமராவுக்கு 35 வாங்குங்கள், 8 அடிக்குள் ஆள் முழுதாக வந்துவிடும். வாரத் தலைப்பு விளையாட்டுக்கு மட்டும் கட்டாயம் வாருங்கள், எட்டாவது ஆளாகச் சேர்த்துக்கொள்கிறோம். நான் இந்த லென்ஸை விற்கப்போவதில்லை.

இது சர்வீஸில் இருந்த 11 நாளும் கிட் லென்ஸைத்தான் மாட்டியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவை எடுத்தேன். பின்னால் பாத்திர அலமாரி, காலண்டர், காலுக்குக் கீழே மிதியடி எல்லாம் விழுந்திருக்கின்றன. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, அதனால் கொஞ்சம் மணல் மணலாக இருக்கிறது. அந்த வாரத் தலைப்பு 'பாதை'. படம் பொருந்தவில்லை, அதனால் நண்பர்களுக்கு அனுப்பவில்லை. அம்மா அதைத் தன் போனில் வைத்திருக்கிறார்.