வாட்ஸ்அப் கம்யூனிட்டி: ஒரு ரெண்டாங்கிளாஸ் டீச்சரோட ரிவ்யூ

பேரண்ட்ஸுக்கு சேதி சொல்ல நான் யூஸ் பண்ற வாட்ஸ்அப் கம்யூனிட்டிக்கு ரேட்டிங் மொதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. ஓசில கெடைக்கறதுக்கு என்ன ரிவ்யூன்னு நெனைக்காதீங்க, இத ஒழுங்கா செட் பண்ணாம தலவலி வாங்குற டீச்சர்ஸ் நெறைய பேரு இருக்காங்க.

நான் இருக்கறது திருப்பூர், மாநகராட்சி தொடக்கப் பள்ளி. எங்க பேரண்ட்ஸ்ல முக்காவாசி பனியன் கம்பெனிதான், டைலர், செக்கிங், கைமடின்னு, ஒன்றரை ஷிப்ட்டுன்னா காலைல எட்டரைக்கு உள்ள போனா நைட்டு எட்டரைக்குத்தான் வெளிய வருவாங்க, அவங்கள போயி மத்தியானம் மூணு மணிக்கு மீட்டிங் வாங்கன்னு கூப்பிட்டா அரை நாள் சம்பளம் போச்சு. வரலன்னா அக்கறை இல்லன்னு நம்மளே பேசுவோம். டைரில எழுதி அனுப்பினா அது பைய விட்டு வெளியவே வராது.

சாதா குரூப்ல என்ன பிரச்சனைன்னு எல்லாருக்கும் தெரியும், குட் மார்னிங் ரோஜாப்பூ, எலெக்‌ஷன் ஃபார்வர்டு, நடுவுல நாளைக்கு கலர் பென்சில் கொண்டு வரணும்ங்கறது காணாமப் போயிரும். கம்யூனிட்டிங்கறது பல குரூப்ப ஒண்ணாச் சேத்து வெக்கற வசதி, 2022ல வந்துச்சு, அதுல இருக்கற அறிவிப்பு குரூப்ல அட்மின் மட்டும்தான் போஸ்ட் போட முடியும், மத்தவங்க ஹார்ட்டோ தம்ஸ்அப்போ போடலாம். இன்னொண்ணு, அங்க ஒரு பேரண்ட்டோட நம்பர் இன்னொரு பேரண்ட்டுக்கு தெரியாது. அம்மாங்க நம்பர் தர்றதுக்கு இது ஒண்ணே போதும், சாதா குரூப்ல சேர மாட்டேன்னு நின்னவங்க கூட இதுல சேர்ந்துட்டாங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது வாய்ஸ் நோட்தான். நீளமா டைப் பண்ணி போட்டா யாரு படிக்கறா? நான் நைட்டு ஒம்போது மணி வாக்குல, எல்லாரும் வீட்டுக்கு வந்து சோறு தின்னுட்டு உக்காந்திருக்கற நேரத்துல, 40 செகண்டுக்கு மேல போகாம பேசி போடுவேன். "இன்னிக்கு கழித்தல் பண்ணுனோங்க, 12 முறுக்குல 5 தின்னா மிச்சம் எத்தனன்னு கேளுங்க, விரல் விட்டு எண்ணுனா திட்டாதீங்க" அவ்ளோதான். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் இதக் கேட்டு புள்ளகிட்ட கேள்வி கேக்க முடியுது. மறுநாள் கொழந்த வந்து "மிஸ் எங்கம்மா எனக்கு கணக்கு கேட்டுச்சு"ன்னு சொல்றப்ப அந்த மூஞ்சியப் பாக்கணும். பீகார், ஒடிசாலேருந்து வந்த குடும்பங்களும் இருக்காங்க, அவங்களுக்கு இந்தி தெரிஞ்ச அஞ்சாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி அதே விஷயத்த சின்னதா பேசித் தருவா, ரெண்டையும் சேத்து போட்டுருவேன்.

மெசேஜ அமுக்கிப் புடிச்சு இன்ஃபோ பாத்தா யாரு பாத்தாங்க, யாருக்கு போயே சேரலன்னு தெரியும். இத வெச்சு யாரையும் கேள்வி கேக்காதீங்க, தொடர்ந்து போய்ச் சேராத வீட்டுக்கு ரீசார்ஜ் முடிஞ்சிருக்கும், இல்ல இருக்கற ஒரே போன் அப்பாகிட்ட இருக்கும். அவங்களுக்கு பழையபடி துண்டுச் சீட்டுதான்.

போல் (poll), அதாவது ஓட்டு போட வெச்சு கேக்கற வசதியும் நல்லா உதவுது. பள்ளி மேலாண்மைக் குழுல 75 சதவீதம் பெத்தவங்க, பாதிப்பேரு பெண்கள்னு கல்வி உரிமைச் சட்டம் 2009லயே சொல்லிருச்சு, ஆனா அவங்களால வர முடிஞ்ச நேரம் எதுன்னு யாரு கேட்டா? போல் போட்டு கேளுங்க, எந்தக் கெழமை எத்தன மணின்னு அவங்களே சொல்லட்டும்.

இதுல போடவே கூடாதது மார்க்கும் லெவலும். தமிழ்நாடு அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு லெவல் இருக்குல்ல, அது எந்த எடத்துலேருந்து சொல்லிக் குடுக்கணும்னு நமக்காக வெச்சது, பேரண்ட்ஸ் அத ரேங்க்காத்தான் எடுத்துக்கறாங்க. பக்கத்து வீட்டுப் பையன் மலர், நீ ஏன் அரும்புன்னு அடி விழும். அத தனியா, நேர்ல சொல்லுங்க. இதே காரணத்துக்குத்தான் எனக்கு கிளாஸ்டோஜோ மாதிரி பாயிண்ட் போடுற ஆப் மேல அவ்ளோ இஷ்டம் இல்ல, அது டீச்சர்ஸுக்கு ஃப்ரீதான், போட்டோ மெசேஜ் எல்லாம் அழகாத்தான் இருக்கு, ஆனா இன்னொரு ஆப் ஏத்தி இன்னொரு லாகின் போட எங்க வீட்டாளுங்ககிட்ட போன்ல எடமும் இல்ல நேரமும் இல்ல.

நைட்டு பதினோரு மணிக்கு "மிஸ் நாளைக்கு லீவா"ன்னு பர்சனல்ல வரும், அதுக்கு பதில் போடாதீங்க, ஒரு தடவ போட்டா டெய்லி வரும். ஒரு ஸ்டார் கொறச்சது நம்பர் விஷயத்துக்கு. இங்க ஆஃபர் சிம் மாத்திக்கிட்டே இருப்பாங்க, பழைய நம்பர் கொஞ்ச நாள்ல வேற யாருக்கோ போயிரும், அந்த ஆளு வாட்ஸ்அப் போடுற வரைக்கும் பழைய கணக்கு நம்ம லிஸ்ட்ல சும்மா உக்காந்திருக்கும், பேரண்ட் பாக்கறாங்கன்னு நாம நெனச்சுட்டிருப்போம். மாசம் ஒரு வாட்டி லிஸ்ட்ட எடுத்து வெச்சு கொழந்தைங்ககிட்டயே "உங்கம்மா நம்பர் இதானா"ன்னு கேட்டு சரி பண்ணிக்கங்க, அது வரைக்கும் கொழந்தைங்க மூஞ்சி தெரியற போட்டோ எதுவும் ஏத்தாதீங்க.