ஒற்றைக் காலில் நிற்பதில் யார் கெட்டி?

எங்கள் மொட்டைமாடியில் ஆறு வயதுப் பையனையும் அதே வயதுப் பெண்ணையும் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். அவள் சுவரில் ஒரு கறையைப் பார்த்தபடி ஆடாமல் நின்றாள். அவன் காகத்தைப் பார்த்துத் திரும்பினான், கைகளை விசிறினான், சரிந்தான். ஒரு வீட்டுக் கதையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் பல ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: பத்து வயதுக்குள் நிற்கும்போது உடல் ஆடுவது சராசரியாகப் பெண் பிள்ளைகளுக்குக் குறைவு. ஒற்றைக் காலில் நொண்டி ஆடும் பாண்டி ஆட்டத்துக்கும் இதில் பங்கு இருக்கும் என்பது என் ஊகம். அப்புறம் பையன்களும் எட்டிப்பிடித்துவிடுகிறார்கள்.

நிமிர்ந்து நிற்பது வேறு கதை. உயரம் வேகமாகக் கூடுவது பெண்களுக்கு 12 வயதையொட்டி, பையன்களுக்கு 14 வயதையொட்டி. முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையும் 'ஸ்கோலியோசிஸ்' முற்றுவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். லேசான வளைவு இருபாலருக்கும் ஏறக்குறைய சமம். சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முற்றுவது பெண்களிடம் பல மடங்கு அதிகம். பள்ளிப் பையைத் திட்டுகிறோம், பாவம், இதற்கு அது காரணமில்லை. பிள்ளையை முன்னால் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். முதுகில் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.