லிவர் கேன்சருக்கு செகண்ட் ஒப்பீனியன்: டாக்டர்களுக்கு முழு மார்க், பில்லிங்குக்குப் பாதி

கல்லீரலில் புற்றுக்கட்டி, ஆபரேஷன் செய்யணும் என்று யாராவது சொன்னால் உடனே தேதி குறித்துவிடாமல் இந்த மாதிரி ஒரு லிவர் கிளினிக்கில் காட்டிவிடுவது நல்லது. நாங்கள் போனது சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். மாமாவுக்கு ஹெபடைடிஸ் பி பல வருஷமாக இருந்து சிரோசிஸில் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது) முடிந்திருந்தது, கூடவே 3.5 செ.மீ. கட்டி ஒன்று. ஊரில் பார்த்த சர்ஜன் வெட்டி எடுத்துவிடலாம் என்றார்.

இங்கே சர்ஜன், ஹெபடாலஜிஸ்ட் (கல்லீரல் டாக்டர்), ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் டாக்டர்) எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் ஸ்கேன் பார்க்கிறார்கள். கட்டியை விட்டுவிட்டு மிச்சமிருக்கும் கல்லீரலைப் பற்றியே அதிகம் பேசினார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. நல்ல கல்லீரலில் கால்வாசி மிஞ்சினாலே சமாளித்து வளர்ந்துவிடுமாம், சிரோசிஸ் வந்ததில் 40 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். மாமாவுக்கு பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே, மண்ணீரல் வீக்கம், அதாவது போர்ட்டல் பிரஷர் (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் சிரையின் அழுத்தம்) ஏறியிருக்கிறது. வெட்டினால் கட்டி போய்விடும், ஆனால் மிச்சக் கல்லீரல் தாங்காமல் போகலாம். தாங்கினாலும் 5 வருஷத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வருகிறது, ஏனென்றால் புற்றை உண்டாக்கிய சிரோசிஸ் அங்கேயேதானே இருக்கிறது.

மாற்று அறுவை சிகிச்சையில் இரண்டும் சேர்ந்தே போகும். ஆனால் எல்லோருக்கும் கிடையாது. 1996இல் வந்த மிலன் அளவுகோலைத்தான் இன்னும் பார்க்கிறார்கள்: ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், அதிகபட்சம் 3 கட்டிகள் என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்தக்குழாய்க்குள் போயிருக்கக் கூடாது, வெளியே எங்கும் பரவியிருக்கக் கூடாது. மாமா இதற்குள் வருகிறார். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து வேண்டுமென்றால் டிரான்ஸ்டானில் (தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) பதிவு செய்து காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் யாராவது ஒரு பகுதியைத் தர வேண்டும். மகன் தருகிறேன் என்றதும் அவனை மட்டும் தனியாக உட்காரவைத்து, வீட்டில் யாரும் வற்புறுத்துகிறார்களா என்று கேட்டார்கள். இதற்காகவே ஒரு ஸ்டார் கூட.

ஊசி விட்டுச் சுடும் மைக்ரோவேவ் முறையையும் சொன்னார்கள், 3 செ.மீ.க்குள் இருந்தால் அதில் நல்ல பலன், மாமாவுடையது கொஞ்சம் தாண்டிவிட்டது. டேஸ் என்று கட்டிக்கு ரத்தம் போகும் தமனியில் மருந்தைச் செலுத்தி அடைக்கிறார்கள். மாற்றுக்குக் காத்திருக்கும் காலத்தில் கட்டி பெருக்காமல் பிடித்துவைக்க அது.

சரி, குறைக்கு வருவோம். பில்லிங் கவுண்டரில் கொடுத்த எஸ்டிமேட்டில் ஆபரேஷனும் அட்மிஷனும்தான். தானம் தருபவருக்கான டெஸ்ட், மாமா உயிருள்ளவரை போட வேண்டிய மாத்திரை, ரத்த டெஸ்ட் எதுவும் இல்லை. கேட்டால் "அது தனி சார்" என்று பதில். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று உண்டு, முதலமைச்சர் காப்பீட்டிலும் இதற்கு இடமுண்டு என்பதை நாங்களே விசாரித்துத்தான் தெரிந்துகொண்டோம், இந்தத் தனியார் மருத்துவமனையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போகிறவர்கள் டிரைபேசிக் சி.டி. ஸ்கேனின் (மருந்து ஏற்றி மூன்று கட்டமாக எடுப்பது) ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல் ஸ்கேன் படங்கள் இருக்கும் டிஸ்க்கையும் கையோடு கொண்டுபோங்கள். படத்தைப் பார்க்காமல் பேசவே மாட்டார்கள், இல்லையென்றால் அங்கேயே மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அந்தக் காசும் தனிதான்.